நீந்து... மிதி... ஓடு!

"ஏனுங்க, ஒரு விளையாட்டுக்கே நேரமில்லை. இதுல மூணா?"

டிரையத்லான் என்றதும் திருப்பூர் மண்ணரையில் பனியன் கம்பெனி நடத்துகிற ஒருவர் இப்படித்தான் கேட்பார். ஷிப்ட், ஷிப்மென்ட் என்று அலைகிறவருக்கு அது நியாயமான கேள்வி. ஆனால் நாற்பது வயதுக்குமேல் தொப்பையைக் குறைக்க சைக்கிள் வாங்கியவர்களில் சிலருக்கு, அடுத்து இந்தப் போட்டியில்தான் கண் போகிறது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறாரா? அப்படியென்றால் மேலே படியுங்கள்.

அது என்ன மூன்று?

முதலில் நீச்சல், உடனே சைக்கிள், இறங்கியதும் ஓட்டம். நடுவில் கடிகாரம் நிற்காது. ஷூ மாட்டுகிற நேரமும் கணக்கில் சேரும். அதற்காக ஈரத்தோடு ஓடிவந்து சைக்கிளை எடுத்துவிட முடியாது. முதலில் ஹெல்மெட்டை மாட்டி, கொக்கியைப் போட வேண்டும். அது விதி!

1974-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் இது தொடங்கியது. 1978-ல் ஹவாயில் முதல் 'அயர்ன்மேன்' போட்டி நடந்தது. நீச்சல் 3.8 கி.மீ., சைக்கிள் 180 கி.மீ., ஓட்டம் 42 கி.மீ.! கிளம்பியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். நம் நடிகர் மிலிந்த் சோமன் 2015-ல் சூரிச்சில் இதை முடித்தபோது அவருக்கு வயது 49.

மலைக்காதீர்கள். 2000-ம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கில் சேர்ந்த போட்டியின் தூரம் 1.5, 40, 10 கி.மீ.தான். புதியவர்களுக்கு அதில் பாதி தூரத்துக்கு 'ஸ்பிரின்ட்' போட்டியும் உண்டு.

கால் ஏன் கனக்கிறது?

ஒரே மாதிரி மிதித்துப் பழகிய கால், இறங்கியதும் சட்டென்று ஓட மறுக்கும். மரக்கட்டை போலிருக்கும். பயப்பட வேண்டாம். பயிற்சியின்போது சைக்கிளை நிறுத்திய கையோடு பத்து நிமிடம் மெதுவாக ஓடிப் பழகினால் சரியாகும்.

இதுதான் முக்கியம்!

அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை இந்தப் போட்டிகளில் இறந்தவர்கள், இதயம் நின்று பிழைத்தவர்கள் என 135 பேரின் விவரத்தை டாக்டர்கள் அலசினார்கள். சராசரி வயது சுமார் 47. பெரும்பாலும் ஆண்கள். அதில் 90 பேருக்கு விபரீதம் நேர்ந்தது சைக்கிளிலோ ஓட்டத்திலோ அல்ல, நீச்சலில்! பிரேதப் பரிசோதனை செய்யப்பட்டவர்களில் பலருக்கு இருதயக் கோளாறு இருந்தது.

ரோட்டில் நெஞ்சு அடைத்தால் ஓரமாக உட்காரலாம். தண்ணீரில் எங்கே உட்காருவது?

எனவே, 'நான் நல்லாத்தானே இருக்கேன்' என்று கிளம்பாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குடும்பத்தில் மாரடைப்பு... எது இருந்தாலும் முதலில் டாக்டரைப் பாருங்கள். இ.சி.ஜி., டிரெட்மில் டெஸ்ட் தேவையா என்று அவர் சொல்வார். மாடி ஏறும்போது நெஞ்சில் பாரமா? தலைசுற்றலா? போட்டியை அடியோடு மறந்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

பக்கத்தில் நொய்யல் இருக்கிறதே என்று இறங்கிவிடவும் கூடாது. 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவிடும் அளவுக்குக் கெட்டுப்போன ஆறு அது. பயிற்சியாளர் இருக்கிற நீச்சல் குளத்தில், துணையோடு பழகுங்கள். வாரம் இரண்டு நாள் நீச்சல், இரண்டு நாள் சைக்கிள், இரண்டு நாள் நடை கலந்த ஓட்டம், ஒரு நாள் ஓய்வு. ஆரம்பத்தில் இது போதும். பேச்சு வராத அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

மெடல் எங்கேயும் போய்விடாது. முதலில் டெஸ்ட், அப்புறம்தான் போட்டி!