கடைசிச் சம்பளம் எவ்வளவு?

"கரன்ட் சி.டி.சி எவ்வளவு மேடம்? எக்ஸ்பெக்டேஷன் எவ்வளவு? நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்?"

சென்னை ஓ.எம்.ஆர் பக்கம் வேலை தேடிய எவருக்கும் இந்த மூன்று கேள்விகளும் மனப்பாடம். நேர்முகத் தேர்வுக்கு முன்பே, ஹெச்.ஆர் பேசும் முதல் போனிலேயே வந்துவிடும். மூன்றில் முதல் கேள்வி சும்மா விவரத்துக்காகக் கேட்பதுபோல இருக்கும். ஆனால், புதிய சம்பளத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதற்குச் சொல்லும் பதில்தான்.

வாங்குகிற சம்பளத்துக்கு மேலே 20, 30 சதவிகிதம் 'ஹைக்' என்பதுதான் ஐ.டி துறையில் ஊறிப்போன வழக்கம். ஒரே கல்லூரியில் படித்த இருவரில் ஆணுக்கு ஆண்டுக்கு 4.40 லட்சம், பெண்ணுக்கு 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் மூன்று முறை வேலை மாறுகிறார்கள், ஒவ்வொரு முறையும் ஆளுக்கு 30 சதவிகித உயர்வு. கடைசியில் ஆணுக்குச் சுமார் 9.67 லட்சம், பெண்ணுக்கு 8.79 லட்சம். 40,000 ரூபாயாக இருந்த இடைவெளி, யாரும் பாரபட்சம் காட்டாமலே 88,000 ஆகிவிட்டது. நடுவில் பிரசவம், குழந்தை வளர்ப்பு என்று இரண்டாண்டு இடைவெளி விழுந்தால் கேட்கவே வேண்டாம். பழைய சம்பளத்திலேயே, சில சமயம் அதற்கும் கீழே, சேரச் சொல்வார்கள்.

பெண்கள் கேட்பதில்லையா?

'பெண்களுக்குக் கேட்கத் தெரியாது' என்பது பல காலமாகச் சொல்லப்படும் காரணம். அமெரிக்கப் பொருளியலாளர் லிண்டா பாப்காக், சாரா லாஷெவருடன் சேர்ந்து 2003-ல் வெளியிட்ட புத்தகம் இதைப் பிரபலமாக்கியது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முதுநிலை முடித்தவர்களில், முதல் வேலைக்குக் கூடுதல் சம்பளம் கேட்ட ஆண்கள் 57 சதவிகிதம், பெண்கள் வெறும் 7 சதவிகிதம் என்றது அது.

அதே பாப்காக், ஹன்னா ரைலி பவுல்ஸ் உள்ளிட்டோருடன் 2007-ல் வெளியிட்ட ஆய்வு கதையின் மறுபாதியைச் சொன்னது. சம்பளம் கேட்ட ஆணைவிட, கேட்ட பெண்ணோடு வேலை செய்யத்தான் அதிகம் பேர் தயங்கினார்கள். கேட்டால் 'ரொம்பத்தான் பேசுது' என்று பெயர் வரும் என்று நினைத்துப் பேசாமல் இருந்தவர்கள், நிலவரம் தெரிந்துதான் அப்படி இருந்திருக்கிறார்கள்.

இன்னொரு சோதனை வழியும் காட்டியது. ஆண்ட்ரியாஸ் லைப்ராண்ட், ஜான் லிஸ்ட் இருவரும் சுமார் 2,500 வேலை தேடுவோரிடம் செய்த களச் சோதனை அது. விளம்பரத்தில் சம்பளம் பற்றிப் பேசலாம் என்று குறிப்பிடாதபோது ஆண்களே அதிகம் பேரம் பேசினார்கள். 'சம்பளம் பேசி முடிவு செய்யலாம்' என்று வெளிப்படையாகப் போட்டதும் அந்த வித்தியாசம் மறைந்தது. அப்படிப் போடாத நிறுவனத்தில், அந்தப் பேச்சை நாமே திறந்துவைக்க வேண்டியிருக்கிறது.

போனில் என்ன சொல்வது?

முதல் கேள்விக்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்கலாம்: "இந்த ரோலுக்கு என்ன ரேஞ்ச் வெச்சிருக்கீங்க சார்?" பல நேரம் பதில் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டாலும், பேச்சு வேலையின் மதிப்பிலிருந்து தொடங்கும். விடாமல் கேட்டால் பழைய சம்பளத்தைச் சொல்லலாம். சொல்கிற தொகை உண்மையாக இருக்கட்டும். கடைசி மூன்று மாத பே ஸ்லிப், பின்னணிச் சரிபார்ப்பு என்று எல்லாம் பின்னால் வரும். கூட்டிச் சொன்னது தெரிந்தால் ஆஃபரே போய்விடும். கூடவே இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "அது வேற பொறுப்புக்கு வாங்கின சம்பளம். இந்த வேலைக்கு மார்க்கெட்ல 9-லேர்ந்து 11 லட்சம் இருக்கு. என் அனுபவத்துக்கு 10.5 எதிர்பார்க்கிறேன்."

வீட்டு வாடகை, இ.எம்.ஐ எல்லாம் இங்கே காரணம் ஆகாது. முடித்துக்கொடுத்த புராஜெக்ட், கையாண்ட குழு, மிச்சப்படுத்திய செலவு ஆகியவையே காரணங்கள். இடைவெளி எடுத்தவர்கள் அதற்கு மன்னிப்புக் கேட்கும் தொனியில் பேச வேண்டியதில்லை. எத்தனை ஆண்டு, அதற்குப் பிறகு என்ன கற்றீர்கள் என்று இரண்டு வாக்கியம் போதும்.

8 லட்சம் என்றால் எவ்வளவு?

ஆஃபர் வந்ததும் மொத்தத் தொகையைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். ஓர் உதாரணக் கணக்கு: சி.டி.சி 8 லட்சம், அதில் அடிப்படைச் சம்பளம் 4 லட்சம். நிறுவனம் கட்டும் பி.எஃப் 48,000, கிராஜுவிட்டி சுமார் 19,000, 'வேரியபிள் பே' 80,000, மருத்துவக் காப்பீடு 12,000 என எல்லாம் அந்த 8 லட்சத்துக்குள்ளேயே அடக்கம். நம் பங்கு பி.எஃப்-பும் போக, மாதம் கைக்கு வருவது 50,000-க்குச் சற்றுக் கீழே. 12-ஆல் வகுத்து 66,000 என்று கனவு கண்டவருக்கு முதல் மாதமே அதிர்ச்சிதான்.

எனவே ஃபிக்ஸட் எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு, போன ஆண்டு அதில் எத்தனை சதவிகிதம் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். ஜாயினிங் போனஸ் தருகிறார்கள் என்றால், எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்பதையும் படியுங்கள். சம்பளத்தை உயர்த்த முடியாது என்று கைவிரித்தால், வீட்டிலிருந்து வேலை, பதவியின் பெயர், நோட்டீஸ் பீரியடுக்கான தொகையை நிறுவனமே ஏற்பது என்று பேச இன்னும் இடம் இருக்கிறது. எதுவானாலும் மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது?

சம வேலைக்குச் சம ஊதியம் இங்கே 1976-லேயே சட்டமானது. மும்பையின் மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்த ஆட்ரி டி'கோஸ்டா, அதே வேலை செய்த ஆண்களைவிடத் தனக்குக் குறைத்துக் கொடுத்தார்கள் என்று வழக்காடி, 1987-ல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தம், நிதி நெருக்கடி என நிறுவனம் சொன்ன இரண்டு காரணங்களும் எடுபடவில்லை. அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது. பாலினத்தைக் காரணமாக வைத்து ஊதியத்தில் பாகுபாடு காட்டுவதை அதுவும் தடை செய்கிறது.

ஆனால், பழைய சம்பளத்தைக் கேட்பதற்கு இங்கே தடை இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2016-ல் சட்டம் இயற்றி, 2018 முதல் அந்தக் கேள்விக்குத் தடை போட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ம் ஆண்டு உத்தரவும் அதைத் தடுப்பதோடு, சம்பள வரம்பை விண்ணப்பதாரருக்கு முன்கூட்டியே சொல்லச் சொல்கிறது. நம் நிறுவனங்கள் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விளம்பரத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

அதுவரை மார்க்கெட் நிலவரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? தோழிகளிடம் மட்டும் விசாரித்தால் குறைந்த தொகைதான் காதில் விழும், ஏனென்றால் அவர்களும் இதே கணக்கில் அடிபட்டவர்கள். உடன் படித்த ஆண்களிடம் கேளுங்கள். அடுத்து வரும் ஜூனியர் பெண் கேட்டால், உங்கள் சம்பளத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.