வீட்டிலேயே பி.பி. பார்க்கிறீர்களா?

"நாடி பிடிச்சே பி.பி. எவ்வளவுன்னு சொல்லிடுவீங்களாமே!" என்று என்னிடம் கையை நீட்டுகிறவர்கள் உண்டு. வாதம், பித்தம், கபம் மூன்றின் போக்கையும் நாடியில் பார்க்கிறோம். துடிப்பு தாறுமாறாக இருந்தால் அதுவும் விரலுக்குத் தெரியும். ஆனால் 120-ஆ, 160-ஆ என்று விரல் சொல்லாது. அதற்குக் கருவிதான் வேண்டும். என் மேஜையிலும் ஒன்று இருக்கிறது.

இப்போது உங்களில் பலர் வீட்டிலும் இருக்கிறது. நல்லதுதான். ரத்தக் கொதிப்பு என்று பெயர் வைத்துவிட்டோமே தவிர, உள்ளே எதுவும் கொதிப்பதில்லை. பெரும்பாலானவர்களுக்குத் தலைவலிகூட வராது. அளந்தால்தான் தெரியும். சிலருக்கு டாக்டரைப் பார்த்ததுமே அழுத்தம் ஏறும், வீட்டுக்குப் போனால் இறங்கிவிடும். வேறு சிலருக்கு நேர்மாறு: கிளினிக்கில் சமர்த்தாக இருக்கும், வீட்டில் ஏறி நிற்கும். இவர்களை வீட்டு அளவுதான் காட்டிக் கொடுக்கும்.

சரி, எப்படி அளக்கிறோம்? டி.வி.யில் சீரியல் ஓடுகிறது. மாமியார் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஜாக்கெட் கையைச் சுருட்டி மேலே ஏற்றிவிட்டு, பட்டையைச் சுற்றிப் பட்டனை அழுத்துகிறாள் மருமகள். "பால்காரன் கணக்கு முடிச்சியா?" என்று நடுவில் பேச்சு வேறு. கருவி 158 காட்டுகிறது. வீடே கலவரம்! 'இன்னொரு அரை மாத்திரை போட்டுடலாமா?'

போடாதீர்கள். சுருட்டிய துணி கையை இறுக்கி அளவைக் கெடுக்கும். பேசினால் ஏறும். கை நெஞ்சு மட்டத்துக்குக் கீழே தொங்கினாலும் ஏறும். பத்து சென்டிமீட்டர் தாழ்ந்தாலே ஏழெட்டுப் புள்ளி கூடிவிடும். அந்த 158-ஐ நம்பி மாத்திரையைக் கூட்டினால், ராத்திரி பாத்ரூம் போக எழுந்திருக்கும்போது தலைசுற்றி விழப்போவது அந்த அம்மாள்தான்.

முதுகு சாய்கிற நாற்காலியில் உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில் பதியட்டும், கால்மேல் கால் வேண்டாம். மேஜைமேல் ஒரு தலையணை வைத்து, கை நெஞ்சு மட்டத்துக்கு வருகிற மாதிரி வையுங்கள். பட்டையை வெறும் கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே சுற்றுங்கள். அதற்கு முன் அரைமணி நேரம் காபி, சிகரெட், வாக்கிங் எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருங்கள். (இந்தச் சும்மா உட்காருவதுதான் நம்மவர்களுக்கு வராது!) ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து, இரண்டையும் எழுதுங்கள். பிடித்ததை மட்டும் எழுதுவது கணக்கில் சேராது.

காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், டிபனுக்கும் மாத்திரைக்கும் முன்னால் ஒருமுறை. இரவு படுக்கும் முன் ஒருமுறை. இப்படி ஏழு நாள். முதல் நாள் கணக்கைத் தள்ளிவிட்டு மிச்சத்துக்குச் சராசரி பாருங்கள். அது 135/85-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். கிளினிக்கில் சொல்கிற 140/90 என்ற கணக்கு வீட்டுக்குப் பொருந்தாது. டாக்டர் கேட்டாலொழிய தினமும் பத்துத் தடவை பார்க்க வேண்டியதில்லை; அந்தக் கவலையே அழுத்தத்தை ஏற்றும்.

கருவி வாங்கும்போது மணிக்கட்டில் கட்டுவதைவிட மேல்கையில் சுற்றுவதே மேல். பருத்த கைக்குப் பெரிய பட்டை கேட்டு வாங்குங்கள். சின்னப் பட்டை கூட்டிக் காட்டும். முதல் நாள் இரண்டு கையிலும் பார்த்து, எது அதிகமோ அதிலேயே தொடருங்கள். துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்குத் தானியங்கிக் கருவி தடுமாறலாம், டாக்டரைக் கேளுங்கள்.

அந்த நோட்டில் இன்னொரு பத்தியும் வேண்டும்: வேறு என்ன சாப்பிட்டீர்கள்? என் துறை மருந்தையே சொல்கிறேன். தொண்டைக்கு நல்லது என்று அதிமதுரத்தை வாரக்கணக்கில் மென்றால், உடம்பு உப்பையும் நீரையும் பிடித்துவைக்கும், பொட்டாசியம் இறங்கும், அழுத்தம் ஏறும். மூட்டுவலி மாத்திரை, மூக்கடைப்பு மாத்திரைகளிலும் பல இதே வேலையைச் செய்யும். சர்ப்பகந்தா வேரிலிருந்து 1952-ல் ரெசர்பின் என்ற மருந்தையே பிரித்தெடுத்தார்கள். அவ்வளவு வீரியம் உள்ள வேரை நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையோடு சேர்ப்பது விஷப்பரீட்சை. "உங்க மருந்து ஆரம்பிச்சாச்சே, இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திடட்டுமா?" என்றும் கேட்கிறார்கள். கூடாது! சில மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் அழுத்தம் குபீரென்று ஏறும். கூட்டுவதும் குறைப்பதும் நோட்டைப் பார்த்து டாக்டர் செய்ய வேண்டியது.

180/120-க்கு மேல் காட்டி, உடம்பில் தொந்தரவு ஏதும் இல்லையென்றால் ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் அதே அளவு என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். ஆனால் நெஞ்சு வலி, மூச்சு முட்டல், வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் சோர்வது, பேச்சு குழறுவது, பார்வை மங்குவது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மறுபடி அளந்துகொண்டு உட்காராதீர்கள். பட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு 108-க்கு போன் செய்யுங்கள்.