நீரிறைக்கும் எஞ்சின்களும் எரிபொருட் சிக்கனமும்

எரிபொருளின் வெப்பத்தை வேலையாக மாற்றும் பொறிகள் வெப்ப எஞ்சின்கள் எனப்படும். அவ்வெப்பத்தில் எத்துணைப் பங்கு வேலையாகின்றதோ அதுவே எஞ்சினின் வினைத்திறனாகும். எஞ்சியது புகையோடும் குளிரூட்டும் நீரோடும் வெளியேறுகின்றது. இவ்விழப்பை முற்றாகத் தடுத்தல் எவ்வெஞ்சினிலும் இயலாதென்பதை பிரான்சு நாட்டவரான சாடி கார்னோ 1824 இல் விளக்கினார்.

எனினும், இழப்பு எல்லா எஞ்சின்களிலும் ஒரே அளவினதன்று. பழைய புகையிரத நீராவி எஞ்சின், வெப்பத்தின் 100 பங்கில் 10 பங்கை வேலையாக்குவதும் அரிதாயிருந்தது. சிறிய பெற்றோல் எஞ்சின் ஏறத்தாழ 20 பங்கையும், சிறிய டீசல் எஞ்சின் ஏறத்தாழ 30 பங்கையும் வேலையாக்கும். டீசல் எஞ்சினுள் காற்று மிகுதியாக அமுக்கப்படுவதே இதற்கு முதற் காரணமாகும்.

வத்தளையை அடுத்த கெரவலப்பிட்டியில் 2010 இல் முழுமையடைந்த 300 மெகாவாற்று மின்னிலையம் மற்றொரு வழியைக் காட்டுகின்றது. அங்கே வாயுச் சுழலிகள் வெளியிடும் சூடான புகையைக் கொண்டு நீராவி உண்டாக்கி, வேறொரு சுழலியை இயக்குகின்றனர். மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, வீணாகவிருந்த வெப்பத்திலிருந்தே இவ்வாறு கிடைக்கின்றது. தனி வாயுச் சுழலி 35 பங்கு அளவில் நிற்க, இக்கூட்டுமுறை 50 முதல் 60 பங்கு வரை எட்டவல்லது.

சிறு தோட்டத்தில் இம்முறை இயலாது. ஆயினும், ஏற்ற எஞ்சினைத் தெரிதல் கமக்காரர் கையிலுள்ளது. நீரை 5 மீற்றர் உயர்த்த வேண்டுமெனவும், பம்பி தான் பெறும் வேலையிற் பாதியைப் பயன்படுத்துகின்றதெனவும் கொள்வோம். 1 லீற்றர் டீசல் ஏறத்தாழ 1,10,000 லீற்றர் நீரையும், 1 லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ 65,000 லீற்றர் நீரையும் இறைக்கும். 2022 இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றோர் இவ்வேறுபாட்டின் பெறுமதியை நன்கறிவர்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. நாள்தோறும் பல மணி நேரம் இறைப்போருக்கு டீசல் எஞ்சின் ஏற்றது. இடையிடையே சிறிது நேரம் இறைப்போருக்கு, விலையும் பாரமும் குறைந்த பெற்றோல் எஞ்சின் போதுமானது.

2. தேவைக்கு மிஞ்சிய பெரிய எஞ்சினை வாங்கலாகாது. குறைந்த சுமையில் ஓடும் எஞ்சினின் வினைத்திறன் குன்றும்.

3. காற்று வடிகட்டியைத் துப்புரவாக வைத்தல் வேண்டும். குழாயில் வளைவுகளைக் குறைத்து, கசிவுகளை அடைத்தல் வேண்டும்.

4. தாங்கியை நிரப்பி ஒரு மணி நேரம் இறைத்தபின், மீண்டும் நிரப்பச் செல்லும் எரிபொருளை அளந்து குறித்துவைக்க. அளவு மாதந்தோறும் கூடுமாயின், எஞ்சினையோ பம்பியையோ பழுது பார்த்தல் அவசியமாகும்.