விரல் நுழையாத இடத்தில் தொடு உணர்வு

மல்லாட்டை அறுவடை சமயத்தில் கிளியனூர்ப் பக்கம் களத்தில் நின்று பாருங்கள். கைதேர்ந்த ஒருவர் காயைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தே பருப்பு திரண்டிருக்கிறதா, பொக்கா என்று சொல்லிவிடுவார். வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்யும் சர்ஜனின் கையும் அப்படித்தான். ஈரலைத் தடவி உள்ளே ஒளிந்த கட்டியைக் கண்டுபிடிக்கும். கொழுப்புக்கு அடியில் துடிக்கும் ரத்தக்குழாயை உணர்ந்து கத்தியை ஒதுக்கும்.

1990-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் தெஹ்ம்டன் உத்வாடியா லேப்ராஸ்கோப்பி என்ற துளைவழி முறையில் பித்தப்பையை அகற்றினார். துளை ஒரு சென்டிமீட்டர்தான். நோயாளி சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் விரலுக்குப் பதில் ஒரு நீளக் கம்பிதான் உள்ளே போகிறது. துளையின் உரசலும் கையில் சேர்ந்து தெரிவதால், திசுவின் மென்மை எது, உரசல் எது என்று பிரிப்பது சிரமம்.

ரோபோவில் அந்த மிச்சமும் போனது. நம் ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியாரின் பெயர் தாங்கிய சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கு 2022-ல் ரோபோ அறுவை சிகிச்சை வந்தது. இம்முறையில் டாக்டர் நோயாளியைத் தொடுவதே இல்லை. தள்ளி உட்கார்ந்து இயக்குகிறார். தையல் நூலை எவ்வளவு இழுக்கலாம் என்பதையும் பெரும்பாலும் கண்ணால்தான் கணிக்க வேண்டும்.

இழந்ததை மீட்கத்தான் சென்சார்கள். ஒரு வகையில், கருவி இம்மி வளைந்தாலும் அதில் ஒட்டிய உலோக இழையின் மின்தடை மாறும். இன்னொன்றில், முடி போன்ற கண்ணாடி இழைக்குள் ஓடும் ஒளியின் அலைநீளம் நகரும். இதில் மின்சாரமே இல்லாததால் எம்ஆர்ஐ அறைக்குள்ளும் வேலை செய்யும். சென்சாரைக் கருவியின் நுனியில் வைப்பதே உத்தமம். ஆனால் ரத்தம், திசுவைச் சுடும் மின்சாரம், கிருமி நீக்கும் 121 டிகிரி நீராவி எல்லாவற்றையும் அது தாங்க வேண்டும். சில ஆபரேஷன்களுக்குப் பின் கருவியை மாற்றிவிடுவதால் விலையும் கட்டுப்படியாக வேண்டும்.

2024 மார்ச்சில் அமெரிக்க அனுமதி பெற்ற டாவின்சி 5 என்ற அறுவை சிகிச்சை ரோபோ, இழுவிசையை டாக்டரின் கைக்கே திருப்பித் தருகிறது. பெரிய முன்னேற்றம்தான், ஆனாலும் பாதிக் கிணறுதான். இழுவிசை வேறு, தொட்டறிதல் வேறு. கட்டியின் விளிம்பு எங்கே முடிகிறது என்று அறிய, விரல்நுனியில் இருப்பதுபோல் பல உணர்புள்ளிகள் நெருக்கமாக வேண்டும். அவை தரும் தகவலை மனிதத் தோல் புரிந்துகொள்ளும்படி திருப்பித் தரவும் வேண்டும். சென்னை ஐஐடியில் பேராசிரியர் மணிவண்ணனின் டச்லேப் போன்ற ஆய்வுக்கூடங்கள் ஆராய்வது இந்தத் தொடு உணர்வைத்தான். அது கைகூடும்வரை, ஈரலுக்குள் இருக்கும் கட்டியைத் தேட டாக்டர்கள் துளைவழியே அல்ட்ராசவுண்டு கருவியை நுழைத்துத்தான் பார்க்கிறார்கள்.