அபயமளித்த அமீர்

சிறுபான்மையோரைக் காப்பது அரசின் கடமை என்பர். ஆனால், காக்க வேண்டியவரே கைகட்டி நின்றுவிடின் யாது செய்வது? இவ்வினா எழும்போதெல்லாம் 1860ஆம் ஆண்டில் டமஸ்கஸ் நகரில் நிகழ்ந்தது நம் நினைவுக்கு வருகின்றது.

அந்நாளில் சிரியா துருக்கிச் சுல்தானின் ஆட்சியில் இருந்தது. எம்மதத்தினரும் சமமெனச் சுல்தான் 1856இல் விடுத்த பிரகடனம் பலருக்குக் கசந்தது. லெபனான் மலைப்பகுதியில் துரூசியருக்கும் கிறிஸ்தவருக்கும் மூண்ட போர் அக்கசப்பை வளர்த்தது. வீதியிலே சிலுவை வரைந்து கிறிஸ்தவரை இழிவுபடுத்திய இளைஞர் சிலரை அதிகாரிகள் தண்டித்தனர். அதுவே சாக்காயிற்று. யூலை 9ஆந் திகதி பெருங்கும்பலொன்று கிறிஸ்தவர் குடியிருப்பினுட் புகுந்தது. எட்டு நாட்கள் கொலையும் கொள்ளையும் தொடர்ந்தன. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தேசாதிபதியின் படை அவர்களைக் காக்கவில்லை.

காக்க முன்வந்தவர் அமீர் அப்துல் காதிர். அல்ஜீரியாவைப் பற்ற வந்த பிரெஞ்சுப் படையை எதிர்த்துப் பதினைந்து ஆண்டுகள் போரிட்ட முஸ்லிம் வீரர் அவர். 1847இல் சரணடைந்தபோது பிரெஞ்சார் கொடுத்த வாக்கை மீறி, அவரை ஐந்தாண்டுகள் சிறையில் வைத்தனர். கிறிஸ்தவ நாடொன்றினால் அத்துணைத் துன்பமுற்றவர், பழி தீர்க்க எண்ணினாரா? இல்லை. தம் அல்ஜீரிய வீரருடன் எரியும் தெருக்களிற் சென்று, அஞ்சி ஒளிந்தோரை அழைத்து வந்தார். தம் இல்லம் நிறைந்ததும் அவர்களை அணியணியாகக் கோட்டைக்கு அனுப்பினார். உயிருடன் கொணரப்படும் ஒவ்வொருவருக்கும் ஐம்பது பியாஸ்தர் காசு தருவதாகவும் அறிவித்தார். அடைக்கலம் புகுந்தோரை ஒப்படைக்குமாறு கும்பல் வாயிலில் வந்து கேட்டபோது மறுத்து நின்றார். உயிர் தப்பியோர் பல்லாயிரவர்.

அவர் தனித்து நிற்கவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. மைதான் என்னும் பகுதியில் முஸ்லிம் பெரியோர் பலர் தம் அயலவரான கிறிஸ்தவரைத் தாமே காத்தனர்.

பின்னர் சுல்தானின் அமைச்சர் புவாட் பாஷா வந்து குற்றவாளிகளைத் தண்டித்தார். கடமை தவறிய தேசாதிபதிக்கும் மரணதண்டனை கிடைத்தது. நீதி வந்தது, ஆயினும் மாண்டோர் மீளவில்லை. அமீருக்குப் பிரான்சு உயரிய விருதளித்தது. ஏபிரகாம் லிங்கன் கைத்துப்பாக்கிகள் இரண்டை அனுப்பினார். அமீரோ, தம் மார்க்கமும் மனிதரின் உரிமையும் கட்டளையிட்டதையே செய்ததாகக் கூறினார்.

எந்நாட்டிலாயினும் சிறுபான்மையோரின் முதற் காவல், பெரும்பான்மையோரின் வீட்டு வாயிலே. ஆபத்து வேளையில் அது திறக்குமா, அடைபடுமா என்பதை மாணவரும் பெற்றோரும் இன்றே தம் நெஞ்சைக் கேட்டறிவாராக.