லஞ்சமும் சட்டமும் – 7: கொடுத்தவருக்கும் சிறையா?

லஞ்சம் வாங்குவதைப் போலவே கொடுப்பதும் இந்தியாவில் குற்றம். 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் கொடுத்தவர் வெறும் உடந்தையாளர். 1952-இல் 165ஏ பிரிவு வந்த பிறகு அதுவே தனிக் குற்றமானது. 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் ஒரு சலுகை வைத்திருந்தது. வாங்கியவர் மீதான வழக்கில் பணம் கொடுத்ததை ஒப்புக்கொண்டு வாக்குமூலம் தருபவர் மீது அதை வைத்து வழக்குப் போட முடியாது. 2018 ஜூலை 26 முதல் அமலான திருத்தம் அந்தச் சலுகையைத் தந்த 24-ஆம் பிரிவை நீக்கிவிட்டது. இப்போது 8-ஆம் பிரிவின்படி கொடுத்தவருக்கு 7 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் போலீசிடமோ புலனாய்வு அமைப்பிடமோ தெரிவித்தால் தப்பலாம்.

ஆனால் கொடுப்பவர்கள் எல்லோரும் ஒரே ரகமல்ல. சட்டத்தை மீறக் கொடுப்பவர், உரிமையைப் பெறக் கொடுப்பவர் என இரண்டு ரகமும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள்ளேயே உண்டு. ஓசூரை அடுத்த ஜூஜூவாடியில், கர்நாடக எல்லையில் உள்ள போக்குவரத்துத் துறைச் சோதனைச்சாவடியில், லஞ்ச ஒழிப்புத் துறை பலமுறை திடீர் சோதனை நடத்திக் கணக்கில் வராத பணத்தைப் பறிமுதல் செய்திருக்கிறது. அதிக பாரம் ஏற்றிக்கொண்டோ, நடைச்சீட்டு இல்லாமல் கிரானைட் கல்லோடோ எல்லை தாண்டப் பார்ப்பவர் எந்தச் சாவடியில் பணம் நீட்டினாலும், சட்டத்தை மீறுவதற்கு அவர் விலை பேசுகிறார். அவரைத் தண்டிப்பதில் யாருக்கும் தயக்கம் வேண்டியதில்லை. எல்லாக் காகிதமும் சரியாக இருந்தும், வண்டி நிற்கிறதே என்று மாமூல் கொடுக்கும் டிரைவரின் கதை வேறு.

மாவட்டத்தின் மறுகோடியில், அஞ்செட்டி வட்டத்தில் இருக்கிறது நாட்றாம்பாளையம். காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலு இந்தப் பக்கம்தான். இப்படியொரு ஊரில் மானாவாரியில் ராகி விதைக்கும் ஒருவர், இறந்துபோன தகப்பனார் பெயரில் உள்ள நிலத்தைப் பிரித்துத் தன் பெயருக்குப் பட்டா கேட்கிறார் என்று கொள்வோம். கட்டணம் கட்டியாயிற்று. நிலத்தை அளக்க ஆள் வரவில்லை. புரோக்கர் ஒரு தொகை சொல்கிறார். அதைக் கொடுத்து அவர் பெறுவது தனக்குச் சேரவேண்டியதை மட்டுமே.

இவருக்கு 7 நாள் கெடு எந்த உதவியும் செய்யாது. பணம் கைமாறிய வாரத்தில் பட்டா வந்துவிடாது. அதற்குள் புகார் செய்தால் மனு கிடப்பில் போகும் என்ற பயம். பட்டா வந்தபின் வாய் திறந்தால் கெடு முடிந்திருக்கும், அவரும் குற்றவாளி. வாங்கியவரைக் காட்டிக்கொடுக்கக்கூடிய முதல் சாட்சியின் வாயைச் சட்டமே அடைத்துவிடுகிறது.

மத்திய நிதி அமைச்சகத்தின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்த கௌசிக் பாசு, இந்தத் திருத்தத்துக்கு முன்பே, 2011-இல் கொடுத்தவரின் வாய் அடைபடும் சிக்கலைச் சுட்டிக்காட்டினார். உரிமையைப் பெறுவதற்காகக் கொடுக்கப்படும் லஞ்சத்தில் கொடுத்தவரைக் குற்றத்திலிருந்து விடுவித்து, வாங்கியவரின் தண்டனையை இரட்டிப்பாக்கி, பணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்றார். அப்போது வேலை முடிந்த மறுநாளே கொடுத்தவர் புகார் செய்வார். அந்தப் பயத்தில் அதிகாரி கை நீட்டத் தயங்குவார். பொருளாதார அறிஞர் ழான் திரேஸ் உள்ளிட்டோர் இதை ஏற்கவில்லை. குற்றமில்லை என்றானால் கொடுக்கக் கூசுகிறவர்களும் கொடுக்கத் தொடங்குவார்கள் என்பது ஒரு வாதம். சில நூறு ரூபாய்க்காக யார் கோர்ட்டுக்கு அலைவார் என்ற கேள்வியும் நியாயமானதே.

ஆனாலும் இரண்டு ரகத்தையும் ஒரே பிரிவில் அடைத்தது பிழை. கெடுவை, பணம் கொடுத்த நாளிலிருந்து கணக்கிடாமல் வேலை முடிந்த நாளிலிருந்து கணக்கிட்டாலே பாதிச் சிக்கல் தீரும்.

இன்றுள்ள சட்டத்தில் பாதுகாப்பான வழி, கொடுப்பதற்கு முன்பே புகார் செய்வது. லஞ்ச ஒழிப்புத் துறையினர் நோட்டுகளில் பினாப்தலின் பொடி தடவி, சாட்சிகள் முன்னிலையில் எண்களைக் குறித்துக்கொண்டு, புகார்தாரரிடமே கொடுத்து அனுப்புவார்கள். வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் கரைசல் இளஞ்சிவப்பாகும். இப்படித் தகவல் சொல்லிவிட்டுக் கொடுக்கும் பணம் குற்றமாகாது என்று 8-ஆம் பிரிவே சொல்கிறது.