உங்களுக்குத் தெரியுமா? எர்னஸ்ட் ஃபிராங்கோ ஆன கதை
ஆஸ்கார் வைல்டின் ‘தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்’ நாடகம் 1895 பிப்ரவரி 14 அன்று லண்டனில் அரங்கேறியது. எர்னஸ்ட் என்று சொன்னால் ஆங்கிலத்தில் ஆள் பெயராகவும் கேட்கும், ‘மனப்பூர்வமாக நடப்பவன்’ என்றும் கேட்கும், எழுத்தில்தான் வித்தியாசம். நாடகத்தின் கேலி முழுக்க இந்தச் சிலேடையில்தான். நாயகி க்வெண்டலினோ, எர்னஸ்ட் என்ற பெயர்க்காரனைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள்!

இத்தாலியில் பரவலாக வழங்கும் தலைப்புக்கு ‘எர்னெஸ்தோ என்று பெயர் கொண்டிருப்பதன் முக்கியத்துவம்’ என்று அர்த்தம். பெயர் பிழைத்தது, சிலேடை போயிற்று. சில மொழிபெயர்ப்பாளர்கள் விடவில்லை. எர்னெஸ்தோவைத் தூக்கிவிட்டு ஃபிராங்கோ என்று வைத்தார்கள். அங்கே அது சகஜமான ஆண் பெயர்; ஒளிவுமறைவில்லாதவன் என்றும் பொருள். விசுவாசி எனப் பொருள்படும் ‘ஃபெதேலே’யும் தலைப்பில் ஏறியதுண்டு. ஆனால் எர்னஸ்ட் என்ற பொய்ப்பெயரில் ஊர்சுற்றும் நாயகன் ஜாக்குக்கு ஃபிராங்கோதான் கனகச்சிதம்.